தாத்தா போட்டோ எங்கப்பா?

'போன்ல பத்தாயிரம் படம் இருக்கு... தேவைன்னா ஒண்ணு சிக்க மாட்டேங்குது!' உங்க வீட்டுலயும் இதே கதைதானே பாஸ்? ஆம்பூர் வீடு ஒன்றில் பதினாறு நாள் நடந்த போட்டோ வேட்டையும், அதில் கிடைத்த சாஃப்ட்வேர் பாடமும் இதோ!

"நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்புங்க தம்பி. காலைல அஞ்சு மணிக்குள்ள ஃப்ளெக்ஸ் அடிச்சாகணும்!"

போன வருஷம் கார்த்திகை மாசம். ராத்திரி பதினொண்ணரை மணி. தாத்தா இறந்து மூணு மணி நேரம்கூட ஆகவில்லை. வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். ஃப்ளெக்ஸ் கடை அண்ணன் கேட்டது ஒரே ஒரு போட்டோ. வீட்டில் இருந்தது ஒன்பது ஸ்மார்ட்போன். 'நீதானே இன்ஜினீயரிங் படிக்கிற' என்று ஒன்பதும் என் கைக்கு வந்துவிட்டன.

தேடினேன். குட்மார்னிங் ரோஜாப்பூ வந்தது. முருகர் வந்தார். செமஸ்டர் டைம்டேபிள் மூன்று தடவை வந்தது. ஆம்பூர்க்காரர்கள் ஆச்சே... பிரியாணி மட்டும் நூறு படத்துக்கு மேல் இருந்தது. தாத்தா? ஒரு கல்யாணப் பந்தியில், பரிமாறுகிறவரின் வாளிக்குப் பின்னால் பாதி முகம். இன்னொன்றில் கண்ணை மூடியிருந்தார். சித்தியின் வாட்ஸ்அப் டி.பி.யில் ஒன்று நன்றாக இருந்தது. ஆனால், பெரிசாக்கியதும் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோனது.

கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த படத்தையே போட்டு அடித்தார்கள். காலையில் ஆயா (எங்க ஊர்ப் பக்கம் பாட்டியை இப்படித்தான் கூப்பிடுவோம்) வாசலுக்கு வந்து ஃப்ளெக்ஸைப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க...

"இவரு யாரு?"

அந்தக் கேள்விக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

டெட்லைன்: பதினாறாம் நாள்!

"காரியத்துக்குள்ள ஒரு நல்ல படம் ஃப்ரேம் போட்டு மாட்டணும்டா. உன்னால முடியுமா?" என்றார் அப்பா. அதுவரை அசைன்மென்ட் டெட்லைனையே மதிக்காத எனக்கு, வாழ்க்கையில் முதல் உருப்படியான டெட்லைன் அது.

நான் பிறந்தது 2005. எங்கள் செட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு கவனிச்சிருக்கீங்களா? அண்ணன், அக்காக்களின் குழந்தைப் பருவம் ஆல்பத்தில் இருக்கும். நம்ம குழந்தைப் பருவம் டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டு, சிடி, டிவிடி, பென் டிரைவ், பழைய ஹார்டு டிஸ்க் என்று பரண் முழுக்கச் சிதறிக் கிடக்கும். பிரின்ட் போடும் பழக்கம் நின்றுபோய், போன் கேலரி இன்னும் வராத அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவர்கள் நாம்!

பரணில் இறங்கினேன். சவுதியிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த 8 மெகாபிக்ஸல் கேமராவின் மெமரி கார்டு. 2009-ல் வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க். சித்தப்பாவின் 2013 கல்யாண டிவிடி இரண்டு. தெருவில் இருந்த எந்த லேப்டாப்பிலும் டிவிடி டிரைவ் கிடையாது. பஜார் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பழைய டிரைவைத் தூசி தட்டிப் போட்டுப் பார்த்தால், ஒரு டிவிடி பாதியில் நின்றது. இன்னொன்று கிர்ர்ர் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. நாம் எழுதும் டிஸ்க்குகளில் தகவல் பதிவாவது ஒரு மெல்லிய சாயப் பூச்சில். வெயிலும் ஈரமும் படப்பட அந்தச் சாயம் கெடும். வேலூர் மாவட்ட வெயிலில், ஓட்டு வீட்டுப் பரணில், பத்து வருஷம்... கேட்கணுமா?

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி ஒரு யூ.எஸ்.பி. பெட்டியில் மாட்டினேன். ஓடியது! போன்களையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினேன். 31 ஆயிரத்துச் சொச்சம் ஃபைல். கண்ணைக் கட்டியது.

தோல் சொல்லும் பாடம்

இந்த இடத்தில் தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆம்பூரில் ஒரு டேனரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். தோலைத் தரம் பிரிக்கிற வேலை. ஒரு தோலை வெளிச்சத்தில் விரிப்பார். விரலால் ஒரு தடவு. கத்தி பட்ட வெட்டு, பூச்சி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு எல்லாம் அதற்குள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதைத் தூக்கி ஏதாவது ஒரு அடுக்கில் போடுவார். அடுத்த தோல். ஷூவின் முன்பக்கத்துக்குப் போகிற தோலும், உள்ளே மறையப்போகிற தோலும் பிரிவது அந்த இரண்டு விநாடியில்தான்.

நான் ஸ்கூல் பையைத் திறந்துபோட்டுப் புத்தகம் தேடும்போதெல்லாம் அவர் ஒரு வசனம் விடுவார்: "இன்னாடா, பச்சைத் தோலு வந்த அன்னிக்கே உப்பு போடணும். நாளைக்குன்னு வெச்சா நாறிப்பூடும்!" உரித்த தோலில் பாக்டீரியா வேலையை ஆரம்பிப்பதற்குள் உப்பு சேர்க்காவிட்டால், அப்புறம் எந்த கெமிக்கல் போட்டாலும் தேறாது. போட்டோவுக்கும் அதே விதிதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பதினாறு வருஷம் உப்பே போடாத 31 ஆயிரம் 'தோல்' என் முன்னால் கிடந்தது.

ரவுண்டு 1: பார்க்கத் தெரிந்தவர்

முதலில் வேகமாகப் புரட்டிப் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். விண்டோஸோடு வந்த போட்டோஸ் ஆப், அரதப் பழசான என் லேப்டாப்பில் ஒவ்வொரு படத்துக்கும் யோசித்தது. ஹாஸ்டல் நண்பன் சொன்னான்: "இர்ஃபான்வியூ போடு மச்சி!"

போஸ்னியாவில் பிறந்து வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்த இர்ஃபான் ஸ்கில்யான் என்பவர் 1996-ல் வெளியிட்ட புரோகிராம் இது. தன் பெயரையே வைத்துவிட்டார். இன்றும் சில எம்.பி. சைஸ்தான், சொந்த உபயோகத்துக்கு இலவசம். தட்டினால் திறக்கிறது. அம்புக்குறியை அமுக்கிக்கொண்டே இருந்தால் படம் சினிமா மாதிரி ஓடுகிறது. நூறு படத்துக்கு ஒரே அடியில் பெயர் மாற்றலாம், சைஸ் குறைக்கலாம். இதே ஜாதியில் இன்னொன்று ஃபாஸ்ட்ஸ்டோன். நான்கு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இதில் எது ஷார்ப்?' என்று ஒப்பிட அது கில்லாடி.

ஆனால், ஒரு விஷயம். இவை இரண்டும் முக்கியமாகப் 'பார்க்கிற' சாஃப்ட்வேர்கள். 'தாத்தா இருக்கிற படமெல்லாம் எடு' என்றால் முழிக்கும். முதல் மூன்று நாள் நான் செய்த தப்பு இதுதான். பார்ப்பது வேறு, அடுக்கிவைப்பது வேறு என்று தெரியாமல் ஆறாயிரம் படத்தைக் கண்ணாலேயே பார்த்துத் தீர்த்தேன்.

ரவுண்டு 2: தேதி என்கிற பொய்

'சரி, தேதி வாரியாப் பிரிப்போம்' என்று இறங்கினேன். ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் எடுத்த தேதி, கேமரா மாடல் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். எக்ஸிஃப் என்று பெயர். 1995-ல் ஜப்பானில் உருவான ஒழுங்கு. அருமையான ஏற்பாடு... கேமராவின் கடிகாரம் சரியாக இருந்தால்!

எங்கள் வீட்டு கேமராவில் பேட்டரி செத்துச் செத்துப் பிழைக்கும். ஒவ்வொரு முறையும் கடிகாரம் பழைய தேதிக்கே திரும்பிவிடும். விளைவு? பொங்கல், என் பிறந்தநாள், ஏலகிரி டூர், காது குத்து எல்லாம் ஒரே வருஷம் ஜனவரி 1-ம் தேதி நடந்திருந்தது. அன்னைக்கு செம பிஸி போல!

வாட்ஸ்அப் படங்கள் அதைவிட மோசம். சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடும். உள்ளே இருக்கும் எக்ஸிஃப் தகவலையும் உதறிவிடும். பெயரில் 20190412 என்று இருந்தால், அது படம் எடுத்த தேதி என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் போனுக்கு அது வந்து சேர்ந்த தேதி. யாரோ 2011-ல் எடுத்த படம் 2019-ல் ஃபார்வர்டு ஆகியிருக்கலாம். ஒரிஜினல் தரத்தோடு, தேதியோடு அனுப்ப வேண்டுமா? 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள்.

இந்த ரவுண்டில் கைகொடுத்தது எக்ஸ்என்வியூ எம்.பி. பிரான்ஸைச் சேர்ந்த பியர் கூஜலே உருவாக்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வீட்டு உபயோகத்துக்கும் படிப்புக்கும் இலவசம். ஒரே மாதிரி இருக்கும் படங்களைக் கண்டுபிடித்துக் காட்டும். ஒரே படம் ஒன்பது போன்களில் ஒன்பது காப்பியாக இருந்ததை எல்லாம் கழித்துக்கட்டியதும் 31 ஆயிரம், 19 ஆயிரமாக இறங்கியது. அப்படிக் கழிக்கும்போது சைஸ் பெரிய காப்பியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சின்னது என்றால், அது வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த நகல்.

பிகாசா என்கிற பழைய காதலி

பத்தாவது நாள். அக்கா, மாமியார் வீட்டிலிருந்து வந்தாள். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, "டேய்... நான் ஸ்கூல் படிக்கிறப்போ எல்லா போட்டோவுக்கும் பேர் வெச்சிருந்தேனே! பிகாசால பாரு" என்றாள்.

உங்க வீட்டு அண்ணன், அக்காவிடம் பிகாசா என்று சொல்லிப் பாருங்கள். கண் கலங்கும்! லைஃப்ஸ்கேப் என்ற அமெரிக்க கம்பெனி 2002-ல் கொண்டுவந்தது; 2004-ல் கூகுள் வாங்கி, இலவசமாகவே கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தையெல்லாம் தானே தேடி அடுக்கும். 2009-ல் முகத்தைக் கண்டுபிடித்துப் பெயர் வைக்கும் வசதியும் வந்தது. பிரவுசிங் சென்டரில்கூட பிகாசா இருந்த காலம் அது. அப்புறம், 2016 பிப்ரவரியில் கூகுள் ஓர் அறிவிப்பு விட்டது. மார்ச் 15-ம் தேதியோடு கம்ப்யூட்டர் பிகாசாவுக்கு மூடுவிழா. இனி எல்லாம் கூகுள் போட்டோஸ்தான்.

ஒரு சாஃப்ட்வேர் செத்துப்போனால், அதில் நாம் போட்ட உழைப்பு என்ன ஆகும்? எங்கள் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் அதற்கு இரண்டு பதில் கிடைத்தது.

முகங்களுக்கு அக்கா வைத்த பெயர்களை பிகாசா தன்னுடைய சொந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தது. ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் பிகாசா.ஐஎன்ஐ என்ற குட்டி ஃபைலும், அதனுடைய டேட்டாபேஸும்தான் அந்தக் கணக்குப் புத்தகம். படத்தில் செய்த வெளிச்சம், வெட்டு வேலையெல்லாம்கூட, 'சேவ்' கொடுக்காதவரை, அங்கேதான் இருக்கும். இந்த டிஸ்க்கில் அந்த டேட்டாபேஸ் இருந்த பகுதியை யாரோ ஃபார்மேட் பண்ணியிருந்தார்கள் (அந்த 'யாரோ' நான்தான், எட்டாம் வகுப்பில், கேம் போட இடம் வேண்டி!). பெயர் எல்லாம் போச்சு.

ஆனால், படத்துக்குக் கீழே டைப் பண்ணும் 'கேப்ஷன்' இருக்கிறதே... அதை பிகாசா ஜேபெக் ஃபைலுக்குள்ளேயே எழுதிவிடும். பத்திரிகை ஏஜென்சிகள் படத்தோடு விவரம் அனுப்பப் பயன்படுத்தும் ஐபிடிசி என்ற பொதுவான முறையில் எழுதும். பிகாசா செத்தாலும் அந்த வரி சாகாது. வேறு எந்த நல்ல சாஃப்ட்வேரும் அதைப் படிக்கும்.

அப்படியென்றால், அக்கா எழுதிய கேப்ஷன்?

ரவுண்டு 3: டிஜிகேம் கண்டுபிடித்த தாத்தா

அன்று ராத்திரி டிஜிகேம் என்ற சாஃப்ட்வேரை இறக்கினேன். 2001-ல் ரெஞ்சி ராஜு என்பவர் தொடங்கிவைத்து, உலகம் முழுக்க உள்ள ஆர்வலர்கள் வளர்த்துக்கொண்டிருக்கும் ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட். பைசா செலவில்லை. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். முகம் கண்டுபிடிப்பது எல்லாம் நம்ம கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கும். அதற்கு வேண்டிய ஃபைல்களை முதல் தடவை மட்டும் நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும். அப்புறம் குடும்பப் படம் எதுவும் வீட்டைவிட்டு வெளியே போகாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பார்க்க அழகாக இருக்காது. ஏகப்பட்ட பட்டன். என் லேப்டாப் ஃபேன் ராத்திரி முழுக்க ரைஸ் மில் மாதிரி கத்தியது. பன்னிரண்டு படத்தில் 'இவர்தான் தாத்தா' என்று சொல்லிக்கொடுத்தேன். காலையில் அது நாற்பது படத்தை நீட்டியது. அதில் பதினெட்டு தாத்தா. மிச்சத்தில் என் பெரியப்பா, ஒரு சுவர் போஸ்டரில் இருந்த தலைவர், ஒரு அய்யனார் சிலை! தலையில் துண்டு கட்டிய தாத்தாவை அதற்கு அடையாளமே தெரியவில்லை. அவரோ வீட்டில் எப்போதும் துண்டோடுதான் இருப்பார்.

அப்புறம்தான் கேப்ஷன் தேடலுக்குப் போனேன். அக்கா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தவள். 'தாத்தா' என்பதை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாம்? அவள் நாலு விதமாக எழுதியிருந்தாள். முதல் ஸ்பெல்லிங்கில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் மூன்று படம்; மூன்றிலும் சுமாரான தாத்தா. மூன்றாவது ஸ்பெல்லிங்...

2011. எங்கள் பழைய வீட்டுத் தெரு. முன்னால் சைக்கிளோடு குப்புற விழுந்து கிடப்பது ஆறு வயசு நான். பின்னால் திண்ணையில், துண்டு கட்டிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பது தாத்தா. கீழே பதிமூன்று வயசு அக்கா டைப் பண்ணியிருந்த வரி: 'தாத்தா லீவு. சிரிங்கன்னா சிரிக்கலை. தம்பி விழுந்தான், சிரிச்சுட்டார்!'

இந்தப் படத்தை நானே ரவுண்டு ஒன்றில் தாண்டிப் போயிருக்கிறேன். 'நான் விழுந்த மொக்கைப் படம்' என்று!

படம் 3264-க்கு 2448 பிக்ஸல். தாத்தாவின் தலையையும் தோளையும் மட்டும் வெட்டினால் 1100-க்கு 1400. எட்டுக்குப் பத்து இன்ச் ஃப்ரேம் போட, இன்ச்சுக்கு 300 புள்ளி இருந்தால் ராஜ பிரின்ட். எங்களிடம் 140-தான் தேறியது. பஜாரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பாய், மானிட்டரில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓடும் தம்பி. சுவத்துல மாட்டித் தள்ளி நின்னுதானே பாப்பீங்க!" என்றார். பதினாலாவது நாள் சாயங்காலம் ஃப்ரேம் கைக்கு வந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்த வேட்டையில் எனக்கு உறைத்த ஒரே விஷயம் இதுதான். சாஃப்ட்வேர் வரும், போகும். பிகாசா போனது. ஆப்பிளின் ஐபோட்டோவும் அப்பர்ச்சரும் போயின. 2013-ல் ஒரு டெராபைட்டை அள்ளிக்கொடுத்த ஃப்ளிக்கர், கைமாறிய பிறகு 2019-ல் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்று சொல்லிவிட்டது. 2015-ல் 'எத்தனை வேண்டுமானாலும் வையுங்கள்' என்று ஆரம்பித்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் புதுப் படங்களை 15 ஜி.பி. கணக்கில் சேர்த்துவிட்டது. அந்த 15-ல் ஜிமெயிலும் டிரைவும் பங்காளிகள். இடம் நிரம்பி வழிந்தால் புது மெயில் வராது. ப்ளேஸ்மென்ட் சீசனில் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்! இரண்டு வருஷம் தொடவே இல்லை என்றால் கணக்கையே நீக்கலாம் என்ற விதியும் 2023-ல் வந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்களுக்கு நாம் ஆரம்பித்துக் கொடுத்து மறந்த கணக்குகள் எத்தனை?

கூகுள் போட்டோஸ் மோசம் என்று சொல்ல வரவில்லை. 'கடற்கரை', 'சேலை' என்று தேடினால் அது கொண்டுவரும் அழகே தனி. ஆனால், அது கண்ணாடி ஷோ-கேஸ் மாதிரி. ஒரிஜினல் சரக்கு இருக்க வேண்டியது நம்ம குடோனில். அதனால் எந்த சாஃப்ட்வேரை எடுத்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: படத்தை நான் வைத்த ஃபோல்டரிலேயே விட்டுவைக்கிறதா, தன் பெட்டிக்குள் விழுங்கிவிடுகிறதா?

இரண்டு: நான் எழுதும் பெயர், விவரம் எல்லாம் படத்துக்குள்ளேயே எழுதப்படுகிறதா, அதன் டேட்டாபேஸில் மட்டுமா? டிஜிகேமில் இதற்கு செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய் டிக் போட வேண்டும். மறந்தால் அக்காவின் முகப் பெயர்கள் கதிதான்.

மூன்று: எடிட் பண்ணினால் ஒரிஜினல் பத்திரமாக இருக்குமா?

நான்கு: நாளைக்கே கடையை மூடினால், என் சரக்கை எடுத்துக்கொண்டு வெளியேற வழி இருக்கிறதா? கூகுளில் 'டேக்அவுட்' என்ற வழி உண்டு. ஆனால், விவரங்கள் பல நேரம் படத்துக்குப் பக்கத்தில் தனி ஜேசன் ஃபைலாக வரும். அதைக் குப்பை என்று டெலிட் பண்ணிவிடாதீர்கள்.

சுருக்கமாக என் மார்க் ஷீட்: சும்மா பார்க்க இர்ஃபான்வியூ. ஒப்பிட்டுக் கழிக்க ஃபாஸ்ட்ஸ்டோன். பெயர் மாற்ற, டபுள் காப்பி பிடிக்க எக்ஸ்என்வியூ. முகம், கேப்ஷன், தேடல் என்று குடும்ப ஆவணமே உருவாக்க டிஜிகேம். நாலும் இலவசம் என்பதால் திருட்டு சிடி, கிராக் என்று அலைய வேண்டியதில்லை.

அம்மா சொன்ன நம்பர் வித்தை

சாஃப்ட்வேர் போடவே சோம்பலா? பரவாயில்லை, பெயராவது வையுங்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் அம்மா. "ஒரு ஜோடி ஷூவைத் திருப்பிப் பாரு. ஆர்ட்டிகிள் நம்பர், சைஸ், எல்லாம் அதுலயே இருக்கும். எந்த நாட்டுல பிரிச்சாலும் இது இன்னாதுன்னு தெரியும். உங்க போட்டோல என்ன இருக்கு?"

சரியான அடி! இப்போது எங்கள் வீட்டு ஃபோல்டர் ஒவ்வொன்றுக்கும் '2013-05-19 ஆம்பூர் சித்தப்பா கல்யாணம்' என்கிற மாதிரி பெயர். வருஷம் முதலில், அப்புறம் மாசம், தேதி. இப்படி எழுதினால் எந்த கம்ப்யூட்டரும் தானாகவே வரிசைப்படுத்திவிடும். ஒருவருக்கு ஒரே ஸ்பெல்லிங். தமிழில் எழுதினால் யூனிகோடில் எழுதுங்கள், பழைய டி.டி.பி. ஃபான்ட்டில் அடித்தால் அடுத்த கம்ப்யூட்டரில் ஜிலேபி பிழிந்த மாதிரி வரும்.

இடத்துக்கு மாவட்டப் பெயரை வைக்காதீர்கள், ஊர்ப் பெயரை வையுங்கள். எங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பர் வரை ஆம்பூர், வேலூர் மாவட்டம். அதற்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம். வீடு நகரவே இல்லை, மாவட்டம் நகர்ந்துவிட்டது!

நம்ம வீட்டுப் படத்துக்கு இவ்வளவு பில்டப்பா என்று தோன்றலாம். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் கிடந்த சாதாரணக் குடும்பப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். ராஜா, மந்திரி படமல்ல. நம்ம தாத்தா, ஆயா மாதிரி ஆட்கள் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் படங்கள். அவர்களுக்கு அது சரித்திரம். நமக்குத்தான் பரண் குப்பை!

இன்றைக்கே செய்யுங்க பாஸ்!

* பரணில் இருக்கும் சிடி, டிவிடி, பழைய ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் இந்த லீவில் ஒரு இடத்துக்கு காப்பி பண்ணுங்கள். அடுத்த வருஷம் டிரைவ் கிடைக்காது, அல்லது டிஸ்க் ஓடாது.

* காப்பி மூன்று இருக்கட்டும். அதில் ஒன்று வேறு வகை இடத்தில். ஒன்று வீட்டுக்கு வெளியே. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய '3-2-1' விதி இது. வெளியே என்றால் நெட்தான் என்றில்லை. அக்கா வீட்டு பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்க் போதும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

* போனில் தானாக நெட்டுக்கு ஏறுவதை மட்டும் 'பேக்கப்' என்று நம்பாதீர்கள். ஆப்பில் டெலிட் பண்ணினால் இரண்டு பக்கமும் போய்விடலாம்.

* வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிஷம். ஸ்கிரீன்ஷாட், குட்மார்னிங், ஆட்டம் கண்ட படம் எல்லாம் கழியுங்கள். நல்லதாகப் பத்துக்கு ஒரு வரி கேப்ஷன் எழுதுங்கள்.

* வீட்டில் பெரியவர்கள் ஒவ்வொருவரையும், உயிரோடு நன்றாக இருக்கும்போதே, நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். விறைப்பாக அல்ல... சிரிக்கவைத்து. வேண்டுமென்றால் சைக்கிளிலிருந்து விழுங்கள்!

பதினாறாம் நாள்

காரியத்தன்று நடுவீட்டில் ஃப்ரேமை மாட்டினோம். சொந்தக்காரர்களில் இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை. "துக்க வீட்டுல இப்படிச் சிரிக்கிற படமா? துண்டு வேற!" என்று முணுமுணுத்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். எனக்கும் திக்கென்றது.

ஆயாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். படத்துக்கு முன்னால் நின்றாங்க. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாங்க.

"ஆங்... இவருதான்" என்றாங்க. அப்புறம் பக்கத்தில் நின்ற என்னிடம், "இன்னாத்துக்குடா இப்படிச் சிரிக்கிறாரு?" என்று கேட்டாங்க.

அக்கா சிரித்துவிட்டாள். நான் விழுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.